மச்சான் காற்றடித்த கதை

இராமையா என் அக்காள் லோகேஸ்வரியின் கணவர். எனக்கு மச்சான். பத்தாங் பெர்ஜுந்தாயில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். ஊரின் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிப் பலகை வைத்து எத்தனையோ வருஷமாகிறது, எங்கள் வாயில் அது இன்னும் நுழையவில்லை. அந்தச் சுவர் அக்காள் பொரிக்கும் கருவாட்டு வாசனையைக்கூடத் தடுத்துவிடும். மச்சானின் குறட்டையைத் தடுக்காது. என் மனைவி புஷ்பா கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போய்க் கத்துகிறது, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று என்னை எழுப்பினாள். அக்காள் வீட்டில் தண்ணீர் மோட்டாரே கிடையாது.

மச்சானுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்தாறு வருஷம் லோரியில் போயிருக்கிறது. தோட்டங்களில் வெட்டிப் போட்டிருக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்கு வருவார். அதே ஆலையில் நான் எடைமேடைக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை, நடுவில் அவருடைய வீரப் பிரதாபம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சம்மன் வாங்கியதில்லை என்பார். டயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு எவ்வளவு காற்று குறைகிறது என்று சொல்லிவிடுவார், அளந்து பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கும். லோடு ஏறினால் காற்றை ஏற்று. இதுதான் அவர் வாழ்க்கையில் கண்ட பெரிய உண்மை. வெயில், மழை, மண் பாதை, எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

இந்த மனிதர் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினார். முடி வெட்டும் நாற்காலியில் தூங்கினார், சொந்தக் கொழுந்தியாள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் தூங்கினார். கோயில் பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசும்போது தூங்கியதை நான் சேர்க்கவில்லை, அன்றைக்கு எல்லோரும்தான் தூங்கினோம். உழைக்கிற உடம்பு, அசதி என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன அக்டோபர் மாதம் ஒரு நாள் மத்தியானம், எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்த லோரி மெல்ல உருண்டு வந்தது. மச்சான்தான் விளையாடுகிறார் என்று நினைத்து நான் கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்டினேன். லோரி நிற்கவில்லை. என் அறைக்கு முன்னாலிருந்த இரும்புத் தடுப்பை வளைத்து, அதன்மேல் சாய்ந்துதான் நின்றது. மேசைக்கும் லோரிக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்திருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, மச்சான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எட்டி இஞ்சினை அணைத்துவிட்டு அவர் தோளை உலுக்கினேன்.

மேனேஜர் நல்லவர், ஆனால் கறாரானவர். டாக்டரிடமிருந்து கடிதம் வரும்வரை இராமையா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். அதுவரை ஆலை வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல். லோரிக்கு வெளியாள் ஒருவரைத் தற்காலிகமாகப் போட்டார். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் கடிதம் வராவிட்டால் அந்த வெளியாளையே நிரந்தரமாக்கிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து மச்சான் காவல் கொட்டகையில் உட்கார்ந்து, தன் லோரிக்குத் தானே கதவைத் திறந்துவிட்டார். அது கடந்து போகும்போதெல்லாம் பின் டயரைப் பார்ப்பார். காற்று குறைவு என்று முணுமுணுப்பார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன், அக்காளும் வந்தாள். தூங்கும்போது மூச்சு நிற்குமா என்று டாக்டர் கேட்டார். மச்சான் இல்லை என்று தலையாட்டினார். அக்காள் குறுக்கே வந்தாள்.

"நிக்கும் டாக்டர். நான் தோள்ல தட்டுவேன், திரும்ப வந்துரும்."

எத்தனை காலமாக என்று டாக்டர் கேட்டார். பதினோரு வருஷம் என்றாள், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்வதுபோல. மச்சான் திரும்பி அவளையே பார்த்தார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். "சொன்னா பயந்துகிட்டே லோரி ஓட்டுவீங்க" என்றாள் அக்காள்.

எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அப்பாடா என்று நான் புரண்டு படுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் பக்கம் என் அக்காள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு இரவு தூங்கவைத்துச் சோதித்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு தடைப்படுகிறது என்று முடிவு வந்தது. தொண்டை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கிறதாம். அடைக்காமல் இருக்க மூக்கு வழியாகக் காற்றை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு மெஷினை ஆஸ்பத்திரி இரவலாகக் கொடுத்தது. சோற்றுப் பானை அளவுகூட இல்லை. ஒரு குழாய், மூக்கை மூடும் ஒரு மாஸ்க். காற்றின் அழுத்தம் ஒன்பது என்று வைத்துக் கொடுத்தார்கள்.

அதை மாட்டச் சொல்லிக் கொடுத்தவள் ஷஹீதா, அந்தப் பிரிவின் டெக்னீஷியன். மச்சானுக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லோரும் மிஸிதான்; நான் நர்ஸ் இல்லை என்று அந்தப் பெண் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கோல சிலாங்கூரில் அவள் அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். படுக்கும்போது மட்டும் மாட்டினால் பயமாக இருக்கும், சாயங்காலம் டிவி பார்க்கும்போதே மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லியனுப்பினாள். மச்சான் சொன்னபடி செய்தார். ரசப்பொடி கேட்கப் போன புஷ்பா, மாஸ்க்கும் குழாயுமாக அவர் நாடகம் பார்த்து அழுதுகொண்டிருப்பதைக் கண்டு பொடி வாங்காமலே திரும்பி வந்தாள்.

ஆனால் மெஷின் வேலை செய்தது. ஒரு மாதத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. தினமும் காலையில் மெஷினின் சின்னத் திரையில் ஒரு எண் வரும், மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று. நாற்பத்தொன்று இருந்த இடத்தில் ஐந்து, ஆறு. ஜனவரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மார்ச் நடுவில் வாருங்கள், அதுவரை இப்படியே இருந்தால் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார்.

மனிதர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கடிதம் நிச்சயம் கிடைக்க வேண்டுமே. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஏப்ரலில் திருவிழா, தீமிதி உண்டு. லோரியைத் திருப்பிக் கொடு தாயே, நான் பூக்குழி இறங்குகிறேன் என்று மச்சான் வேண்டிக்கொண்டு, பிப்ரவரி கடைசியில் மஞ்சள் துணி கட்டி நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினார். சவரம் கிடையாது. மெத்தை, தலையணை கிடையாது, தரையில் பாய்தான். கறி மீன் கிடையாது. விரதத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் இருந்திருக்கிறேன். ஆனால் எனக்கு மூக்கில் மெஷின் கிடையாது.

ஒரு வாரத்தில் தாடி வந்தது. காலையில் ஐந்து காட்டிய திரை ஒன்பது காட்டியது, பிறகு பதினாலு. மாஸ்க் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கண்ணுக்குள் அடிக்கிறது என்று சொன்னார். என்னிடம் சொன்னார், ஷஹீதாவிடம் சொல்லவில்லை. அவள் எழுதிக் கொடுத்த போன் நம்பர் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அப்புறம் வயிறு ஊதத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் ஏப்பம், ஒன்று இரண்டு இல்லை, குளித்து முடிக்கும்வரை. எல்லோரும் விரதச் சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டோம். பருப்பு வாயு என்றாள் புஷ்பா. அக்காள் பருப்பைக் குறைத்தாள், பெருங்காயத்தைக் கூட்டினாள், ஓமத் தண்ணீர் வைத்தாள், கடைசியில் பருப்பையே நிறுத்திவிட்டு ரசமாக ஊற்றினாள். வயிறு இறங்கவில்லை. பாவம் அந்தப் பருப்பு.

மார்ச் நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷஹீதா மெஷினிலிருந்த அட்டையைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒவ்வொரு இரவும் அதில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஒரு தேதியில் விரலை வைத்து, அன்றிலிருந்து காற்று ஒழுகத் தொடங்கியிருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டாள். மச்சான் தாடியைத் தடவினார். காப்புக் கட்டி ஒரு வாரம் ஆன நாள் என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள், அங்கே முகம் மாறியது. அழுத்தம் ஒன்பதிலிருந்து பதினொன்று, நாலு நாள் கழித்துப் பதிமூன்று, அப்புறம் பதினைந்து. இதை நாங்கள் மாற்றவில்லையே, மெஷினைக் கடையில் எங்கேயாவது கொடுத்தீர்களா என்றாள்.

மச்சான் தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன், கடிதம் போய்விடுமே.

"நாந்தான் ஏத்துனேன் மிஸி. காத்து பத்தலன்னு நெனச்சேன்."

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் மெஷினின் செட்டிங்குக்குள் போகலாம் என்று யூடியூப்பில் பார்த்தாராம். பதினைந்துக்கு மேலும் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தேதி வந்துவிட்டதாம். லோடு ஏறினால் காற்றை ஏற்றும் மனிதர், தன் மூக்கையும் பின் டயரையும் ஒன்றாக நினைத்துவிட்டார். வயிற்றில் ஊதியது பருப்பு இல்லை, அவர் ஏற்றிவிட்ட காற்று. தூக்கத்தில் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

டாக்டர் திட்டவில்லை. இந்த இரவுகளை வைத்து நான் கடிதம் எழுத முடியாது என்றார், அது திட்டியதைவிட மோசம். ஏப்ரல் ஏழாம் தேதி வரை நேரம் தருகிறேன், தாடியை எடுத்துவிட்டு மாஸ்க்கை ஒழுங்காகப் போடுங்கள் என்றார். தாடியை எடுக்க முடியாது என்றார் மச்சான். டாக்டர் பேனாவை மூடினார்.

வெளியே நடைபாதையில் நான் கத்திவிட்டேன். லோரி வேண்டும் என்றுதானே விரதம், அந்த விரதத்தாலேயே லோரி போகப் போகிறது, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். ஏப்ரல் பத்தோடு ஆயுசுக்கும் ஜாகாதான் என்றேன். மச்சான் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "ஆத்தாகிட்ட குடுத்த வாக்க எப்படி மாப்ள பாதியில வாங்குறது?" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஷஹீதா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் போட்ட சத்தம் அவள் அறைக்கே கேட்டிருக்கிறது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தன் அப்பாவுக்கும் இதே மெஷின்தான், ஹஜ் போய் வந்து தாடி வைத்த பிறகு அவருக்கும் இப்படித்தான் ஒழுகியது, அவரிடம் தாடியை எடு என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை என்றாள். பிறகு மச்சானைப் பார்த்துக் கேட்டாள்.

"டயர்ல ஓட்ட இருந்தா என்னா செய்வீங்க அங்கிள்? காத்து ஏத்திக்கிட்டே இருப்பீங்களா, ஓட்டைய அடைப்பீங்களா?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அடைப்பேன்" என்றார்.

அவள் வேறொரு மாஸ்க்கை எடுத்தாள். மூக்கை மூடாது, மூக்குத் துவாரங்களில் பொருந்தி நிற்கும் இரண்டு சின்ன மெத்தென்ற குமிழ், அவ்வளவுதான். தாடி எங்கேயோ கிடக்கட்டும், இது அதைத் தொடவே தொடாது. டாக்டரிடம் போய்க் கேட்டு வந்து, மெஷினையும் மாற்றி அமைத்தாள். ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் தேவைக்குத் தகுந்தபடி அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும். படுத்த உடனே முகத்தில் அடிக்காமல், குறைவாகத் தொடங்கி இருபது நிமிஷத்தில் மெல்ல ஏறும். மூக்கு காயாமல் இருக்க ஈரப்பதத்தையும் ஒரு படி கூட்டினாள். மல்லாந்து படுத்தால்தான் தொண்டை அதிகமாக அடைக்கிறது, பக்கவாட்டில் படுங்கள், முதுகுக்குப் பின்னால் தலையணை வையுங்கள் என்றாள். இனி எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள் என்று கடைசியாகச் சொன்னாள்.

தலையணை என்றதும் மச்சான் மறுபடி முருங்கைமரம் ஏறினார். விரதத்தில் தலையணை ஆகாது. அன்று சாயங்காலம் அக்காள் இரண்டு பழைய வேட்டியைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, பாயில் வைத்தாள். "இது வேட்டி. தலகாணி இல்ல" என்றாள். இந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை.

முதல் இரண்டு நாளும் எண் ஆறு. மூன்றாம் நாள் காலை வேலிக்கு மேலே எட்டி, எவ்வளவு மச்சான் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். குமிழ் கழன்று கழன்று வந்துவிடுகிறதாம். இன்றைக்கு ராத்திரி அந்த இரண்டு பொத்தானைத் தேடிப் போவார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் அவர் சாமிப் படத்தை நகர்த்தி, போன் நம்பரை எடுத்து, காவல் கொட்டகையிலிருந்து ஷஹீதாவைக் கூப்பிட்டார். பெட்டியிலேயே கொஞ்சம் பெரிய குமிழ் ஒரு ஜோடி இருக்கும், அதை மாட்டுங்கள் என்றாள் அவள். மறுநாள் காலை எண் நான்கு. அதற்கு அடுத்த நாள் மூன்று. வயிறும் இறங்கியது. அக்காள் மறுபடி பருப்பு வேகவைத்தாள்.

ஏப்ரல் ஏழாம் தேதி, முகம் நிறையத் தாடியோடு மச்சான் டாக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். டாக்டர் கோடுகளைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், ஷஹீதாவைப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். அந்தக் கடிதத்தை மச்சான் காரில் என்னிடம்கூடத் தரவில்லை. வழியில் ஈஜோக்கில் தேநீர் குடிக்க நிறுத்தினோம், அங்கேயும் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, இனி மாதா மாதம் மெஷினின் கணக்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். மச்சான் பெருமையாகச் சரி என்றார். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை இப்போது.

ஞாயிற்றுக்கிழமை பூக்குழி இறங்கினார். நன்றாகவே நடந்தார். அன்று சாயங்காலம் தாடியை எடுத்த முகத்தில், கன்னம் மட்டும் வேறொருவருடையது போல் வெளுப்பாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இருந்தாலும் காட்டிக்கொள்ளாமல் கேலி செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் லோடோடு அவர் லோரி எடைமேடையில் ஏறியது. வளைந்த தடுப்புக்குப் பதிலாகப் புதுத் தடுப்பு போட்டிருந்தார்கள், அதிலிருந்து சரியாக ஒரு கை தள்ளி நிறுத்தினார். எடையைக் குறித்துச் சீட்டைக் கிழித்தேன். வழக்கமாக மேலேயிருந்தே கையை நீட்டுகிறவர் அன்றைக்கு இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். சாப்பிட ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷத்தில் அக்காளின் சாப்பாட்டுப் பாத்திரம் இல்லாமல் அவர் லோரி ஏறியதை நான் கண்டதில்லை. விடியுமுன்பே எழுந்து சமைத்துக் கட்டிவிடுவாள். காய்ச்சல் கண்ட நாளிலும் கட்டினாள். இவ்வளவு பாடுபட்டு லோரி திரும்பிவந்த முதல் நாளில், புருஷனும் பெண்டாட்டியும் சண்டையா என்று கேட்டேன்.

மச்சான் இல்லை என்று தலையாட்டினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"ஒங்கக்கா தூங்குறா மாப்ள. லைட்டப் போட்டேன், கதவச் சாத்துனேன், எந்திரிக்கல. பதினோரு வருஷமா என் மூச்சையே பாத்துக்கிட்டு இருந்தவ. தூங்கட்டும்னு வந்துட்டேன்."

என்னுடைய நாசி லெமாக் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். பாதி போதும் என்றார், முழுதையும் கொடுத்தேன். லோரியில் ஏறிக் கதவைச் சாத்தியவர், ஜன்னலை இறக்கி, அக்காளுக்குப் போன் கீன் பண்ணி எழுப்பிவிடாதே என்று சைகை காட்டினார். அன்று பத்து மணி வரைக்கும் நான் போனைத் தொடவில்லை.